டென்டல் அசிஸ்டன்ட் ஆக எந்தச் சீருடை: ஆர்மியா, நேவியா, ஏர் ஃபோர்ஸா?

போன மாதம் ஹூஸ்டனிலிருந்து அக்கா மகள் வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். பள்ளிப் படிப்பு முடியப்போகிறது. பல் சுத்தம் செய்து ஈறு பார்க்கும் ஹைஜீனிஸ்ட் ஆக வேண்டும் என்று ஆசை. அதற்காக ஒரு டாலர்கூடக் கடன் வாங்க மாட்டேன் என்று பிடிவாதம். "சித்தி, டென்டல் அசிஸ்டன்ட்டா ஆர்மில சேர்ந்துட்டா படிப்புச் செலவை அவங்களே பாத்துப்பாங்க இல்ல? நேவி ரெக்ரூட்டர் எங்ககிட்ட வாங்கன்னு கூப்பிடறார். ஏர் ஃபோர்ஸ்தான் வசதின்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க" என்று மூன்று படைகளின் தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தாள். அன்று இரவு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். கிரீன் கார்டோடு வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இந்தக் கேள்வியோடு நிற்கிறார்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருப்பதில்லை.

சான் அன்டோனியோவில் ஒரு ராணுவப் பல் கிளினிக்கில் 11 ஆண்டுகளாக சிவிலியன் டென்டல் அசிஸ்டன்ட்டாக இருக்கிறேன். சீருடை போட்டதில்லை. போட்டவர்களோடு தோளுரசி நின்று வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் சேர்ந்த நாளையும் பார்த்திருக்கிறேன், விலகிப் போன பிறகு தொலைபேசியில் பேசியதையும் கேட்டிருக்கிறேன்.

முதலில், எதை ஒப்பிட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சம்பளத்தை ஒப்பிட வேண்டாம். மூன்று படைகளுக்கும் ஒரே சம்பளப் பட்டியல்தான். பதவி நிலையும் சேவை ஆண்டுகளும் சமமாக இருந்தால் அடிப்படைச் சம்பளமும் சமம். சேவைக்குப் பின் கிடைக்கும் படிப்புப் பணத்தையும் ஒப்பிட வேண்டாம். 36 மாதம் முழுநேரச் சேவை முடித்தவருக்குப் போஸ்ட்-9/11 ஜி.ஐ. பில் என்னும் படிப்பு உதவிப் பணம் முழு அளவில் கிடைக்கும், 36 மாதப் படிப்புக்கு. எந்தச் சீருடை என்பது அதில் கணக்கே இல்லை. பயிற்சிகூட எங்கள் ஊரில், ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில், 2010-இல் திறந்த மெட்டெக் என்னும் முப்படை மருத்துவப் பயிற்சி வளாகத்தில்தான் நடக்கிறது. மூன்று நிறச் சீருடைகள் அங்கே ஒரே சாப்பாட்டு வரிசையில் நிற்கும்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? நீ கையெழுத்திடும் தாளில் பல் வேலை எழுதப்பட்டிருக்கிறதா, உன்னை எங்கே அனுப்புவார்கள், விலகி வரும்போது வெளியுலகம் மதிக்கும் எந்தச் சான்று உன் கையில் இருக்கும். இந்த மூன்றும்தான்.

அதற்கு முன், வேலை பிடிக்குமா என்று பார்க்க வேண்டும். படைக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர் கொடுக்கும் தாளில் "பல் மருத்துவருக்கு உதவுதல்" என்று ஒரே வரி இருக்கும். அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று காட்ட, அக்கா மகளைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு தேக்கரண்டிகளை எடுத்தேன்.

வலக்கைப் பழக்கமுள்ள டாக்டர் என்றால் அசிஸ்டன்ட் எதிர்ப்பக்கம், அதாவது நோயாளியின் இடப்புறம் உட்காருவார். வலக்கையில் உறிஞ்சுகுழாய், இடக்கை கருவி மாற்ற. டாக்டர் வாயிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அவர் விரல் லேசாக விலகியதுமே கருவி மாற வேண்டும். நோயாளியின் முகவாய்க்குக் கீழே, நெஞ்சுக்குச் சற்று மேலேதான் கைமாறும் இடம். கண்ணுக்கு மேலே ஊசியும் கூர்முனையும் ஒருநாளும் போகக் கூடாது. இடக்கையின் சுண்டுவிரல் பக்கத்தால் பழைய கருவியை வாங்கிக்கொண்டு, அதே கையின் கட்டைவிரலும் முதலிரு விரல்களும் பிடித்திருக்கும் புதுக் கருவியை அவர் விரலுக்குள் வைக்க வேண்டும். மேல்தாடை வேலை என்றால் கருவியின் முனை மேலே பார்த்திருக்க வேண்டும், கீழ்த்தாடை என்றால் கீழே. அவள் நான்கு முறை தேக்கரண்டியைக் கீழே போட்டாள். ஐந்தாவது முறை போடவில்லை. அப்போது முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும் இவள் இந்த வேலைக்கு ஆகும் என்று எனக்குத் தோன்றியது.

மீதிப் பாதி வேலை கிருமிநீக்க அறையில். அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம் என்று அறையே இரண்டாகப் பிரிந்திருக்கும்; கருவி ஒரே திசையில்தான் நகரும். அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, உலர்த்தி, உறையிலிட்டு, ஆட்டோகிளேவில் நீராவியில் வேக வைக்கிறோம். சாதாரண ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம். வாரத்துக்கு ஒருமுறை உயிருள்ள நுண்வித்துகளை உள்ளே அனுப்பி, அவை செத்தனவா என்று சோதிக்கிறோம். அதோடு எக்ஸ்ரே எடுப்பது, அச்சுப் பதிப்பது, சரக்குக் கணக்கு, நோயாளி ஆவணம். நின்ற கால் நின்றபடி போகும் நாள்கள் நிறைய.

இதெல்லாம் எந்த ஊர்ப் பல் கிளினிக்கிலும் உண்டு. ராணுவத்துக்கே உரியது ஒன்று இருக்கிறது: வகுப்பு. படையில் உள்ள ஒவ்வொருவரின் வாயும் 1 முதல் 4 வரை ஏதோ ஒரு வகுப்பில் இருக்கும். சிகிச்சை எதுவும் தேவையில்லை என்றால் 1. தேவைதான், ஆனால் 12 மாதத்துக்குள் அவசரநிலை வராது என்றால் 2. வரக்கூடும் என்றால் 3. ஆண்டுப் பரிசோதனை தவறிப்போய் நிலைமையே தெரியாது என்றால் 4. முதல் இரண்டு வகுப்பினர்தான் எங்கும் அனுப்பத் தகுதியானவர்கள்.

ஒரு வியாழக்கிழமை 20 வயதுப் பையன் ஒருவன் வந்தான். அடுத்த வாரம் அவன் பிரிவு வெளிநாடு புறப்படுகிறது. 30-ஆம் பல்லில் ஆழமான சொத்தை, 3-ஆம் வகுப்பு. நம்மூரில் பி.டி.எஸ். படித்தவர்கள் அதே பல்லை 46 என்பார்கள். அமெரிக்காவில் மேல் வலது கடைசிப் பல்லில் தொடங்கி 1 முதல் 32 வரை ஒரே ஓட்டமாக எண்ணுகிறார்கள். இங்கு வந்த புதிதில் என்னை மிகவும் தடுமாற வைத்தது இந்த எண்தான். அன்று நாற்காலியருகே இருந்தவள் ஆர்மிப் பெண், வயது 22. டாக்டரின் அட்டவணையைப் பார்த்து, ஒரு சுத்தம் செய்யும் நேரத்தைத் தள்ளிவைத்து, பையனின் சார்ஜென்ட்டைத் தொலைபேசியில் பிடித்து மதியமே அவனை மறுபடி வரவழைத்தாள். மாலை நான்கு மணிக்கு அவன் பெயர் எதிரே 3 அழிந்து 1 ஆனது. கூட்டாளிகளோடு அவனும் விமானம் ஏறினான். ஒரு பல்வலிக்காக மலைநாட்டு முகாமிலிருந்து ஒருவனை ஹெலிகாப்டரில் தூக்கிவர வேண்டிய நிலையைத் தடுப்பதுதான் இந்த வேலையின் பயன். அந்தப் பெண்ணுக்கு அது நன்றாகப் புரிந்திருந்தது.

இனி மூன்று படைகளுக்கு வருகிறேன்.

ஆர்மியில் இந்த வேலைக்கு எண் 68 ஈ; டென்டல் ஸ்பெஷலிஸ்ட் என்று பெயர். ஆஸ்வாப் என்னும் படைச் சேர்க்கைத் தேர்வில் ஸ்கில்டு டெக்னிக்கல் பிரிவில் 91 வேண்டும். அடிப்படைப் போர்ப் பயிற்சி 10 வாரம், அதன்பின் இங்கே தொழிற்பயிற்சி. ஆர்மியின் பெரிய நன்மை, வேலையின் எண்ணையே ஒப்பந்தத்தில் எழுதித் தருவது. 68 ஈ என்று எழுதி, பயிற்சியில் தேறினால், நீ பல் வேலைக்குத்தான் போவாய். பெரும்பாலோர் தரைநிலத்து முகாம்களில் பெரிய கிளினிக்குகளில் இருப்பார்கள். களப் பிரிவில் போட்டால் மடக்கு நாற்காலி, கையடக்க எக்ஸ்ரே, ஜெனரேட்டர் சத்தம் என்று கூடாரத்துக்குள் இதே வேலை. கூட்டமாகக் காயம்பட்டோர் வந்தால் பல் ஆள்களும் காயக்கட்டு போட ஓட வேண்டும். துப்பாக்கிப் பயிற்சியும் முதுகுச் சுமை நடையும் எல்லா ஆர்மிக்காரருக்கும் உண்டு. இது ஆஸ்பத்திரி வேலைதானே என்று நினைத்து வந்த சிலர் அங்கே திணறியிருக்கிறார்கள்.

நேவியின் கதை வேறு. அங்கே முன்பு டென்டல் டெக்னீஷியன் என்று தனிப் பிரிவு இருந்தது. 2005 அக்டோபர் 1 அன்று அதை ஹாஸ்பிடல் கோர்மேன் என்னும் மருத்துவ உதவியாளர் பிரிவோடு சேர்த்துவிட்டார்கள். இன்று நேவியில் பல் வேலை செய்பவர் முதலில் ஒரு கோர்மேன். பல் என்பது அதற்குள் ஒரு கிளை. கோர்மேன் பிரிவு நேவியிலேயே மிகப் பெரியது. மரைன் படைக்குச் சொந்தமாக மருத்துவ ஆளோ பல் ஆளோ கிடையாது. எல்லாரையும் நேவிதான் தருகிறது. கலிஃபோர்னியா கேம்ப் பெண்டில்டனில் முதல் டென்டல் பட்டாலியன், வட கரோலினா கேம்ப் லெஜூனில் இரண்டாவது, ஒகினாவாவில் மூன்றாவது. விமானந்தாங்கிக் கப்பலில் ஏறினால் ஒரு சிற்றூரே கடலில் மிதக்கும். அதற்கென்று முழுப் பல் பிரிவும் கப்பலுக்குள் இருக்கும். வேறு எந்த அசிஸ்டன்ட்டுக்கும் கிடைக்காத அனுபவம் அது. ஆடும் கப்பலில் ஞானப்பல் பிடுங்க உதவிய ஒருவரின் கையை நான் பார்த்திருக்கிறேன், அத்தனை நிதானம்.

ஆனால் ஒப்பந்தத்தில் கோர்மேன் என்று இருந்தால் அதற்குள் அடங்கும் எல்லாவற்றுக்கும் நீ சம்மதித்ததாக அர்த்தம். மருத்துவ வார்டுக்கும் போகலாம், மரைன்களோடு மண்ணிலும் படுக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் பல் வேலை என்று மனதில் நினைத்துச் சேர்ந்து, முதல் மூன்று ஆண்டுகள் பல்லையே தொடாமல் கழித்தார். ரெக்ரூட்டர் பொய் சொன்னார் என்று அவர் இன்றும் சொல்கிறார். பேச்சில் சொன்னது தாளில் இல்லை, அதுதான் நடந்தது. கோர்மேன் வேலை முழுவதுமே பிடிக்கும், நாளைக்கு நர்ஸாகவோ பாராமெடிக்காகவோகூட ஆவேன் என்பவருக்கு நேவியைப் போல அகன்ற வாசல் வேறில்லை. பல் மட்டும்தான் வேண்டும் என்பவரை நான் அங்கே அனுப்ப மாட்டேன்.

ஏர் ஃபோர்ஸில் எண் 4 ஒய் 0 எக்ஸ் 1. ஆஸ்வாபில் ஜெனரல் பிரிவில் 44 வேண்டும். வேலை ஆர்மியைப் போலவே. இடம் பெரும்பாலும் விமானத் தளங்களின் நிலையான கிளினிக்குகள். ஸ்பேஸ் ஃபோர்ஸ்காரர்களின் பல்லையும் இவர்கள்தான் பார்க்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒப்பந்த வகை. குறிப்பிட்ட வேலையை உறுதி செய்தும் எடுப்பார்கள். ஜெனரல், மெக்கானிக்கல் என்று பிரிவை மட்டும் எழுதி, வேலையைப் பிறகு ஒதுக்குவதும் உண்டு. இரண்டாவதில் கையெழுத்திட்டால் பல் கிளினிக்குக்குப் பதிலாக எங்கோ ஒரு அலுவலக மேசையில் உட்கார நேரலாம். முதல் வகைக்குக் காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

ஏர் ஃபோர்ஸின் தனிச் சிறப்பு, 1972-இல் தொடங்கிய அதன் சமூகக் கல்லூரி. தொழிற்பயிற்சியையே கல்லூரி மதிப்பெண்ணாகக் கணக்கிட்டு, மீதிப் பாடங்களை முடித்தால் டென்டல் அசிஸ்டிங்கில் அசோசியேட் என்னும் இரண்டாண்டுப் பட்டம் தருகிறது. சேவையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். விலகிய பிறகு முடிக்க வழியில்லை. ஹைஜீன் கல்லூரிக்குத் தேவைப்படும் பொதுப் பாடங்களில் சில இதிலேயே முடிந்துவிடும் என்பதால் அக்கா மகளுக்கு இதில் உண்மையான லாபம் இருக்கிறது.

பதவி உயர்வு பற்றி ஒரு வார்த்தை. ஆர்மி புள்ளிக் கணக்கு பார்க்கிறது, நேவியும் ஏர் ஃபோர்ஸும் எழுத்துத் தேர்வு வைக்கின்றன. படிப்பில் சூட்டிகையான பிள்ளை என்றால் பின்னவை இரண்டும் சாதகம்.

சேர்ந்து ஓரிரு ஆண்டு கழித்து வரும் கேள்வி, எதில் தனித்தேர்ச்சி பெறுவது என்பது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆர்மியில் எக்ஸ் 2 என்ற கூடுதல் தகுதி இருக்கிறது, பல் நோய்த் தடுப்புக்கானது. அதை முடித்தவர்கள் பற்காரை எடுப்பார்கள், ஈறு பார்ப்பார்கள், பல் துலக்கச் சொல்லித் தருவார்கள். முகாமுக்குள் எல்லாரும் "நம்ம ஹைஜீனிஸ்ட்" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் கிளினிக்கில் எக்ஸ் 2 முடித்த பையன் ஒருவன் இருந்தான். ஒரு நாளில் எட்டு ஒன்பது பேருக்குச் சுத்தம் செய்வான், கை அவ்வளவு லேசு. சேவை முடிந்து சொந்த மாநிலம் போனான். மூன்று வாரம் கழித்துப் பேசினான்: "மேம், லைசென்ஸ் எங்கேன்னு கேக்கிறாங்க." ஹைஜீனிஸ்ட் லைசென்ஸுக்கு, அங்கீகாரம் பெற்ற ஹைஜீன் படிப்பை முடிக்க வேண்டும், தேசியத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுத வேண்டும். ராணுவத்தின் குறுகிய பயிற்சி அதற்கு ஈடாகாது. நான்கு ஆண்டுகள் செய்த வேலையை வெளியே செய்தால் சட்டப்படி குற்றம் என்று தெரிந்தபோது அவன் குரல் உடைந்ததை நான் மறக்கவில்லை. யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்; நானும் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டு வேலைகளுக்கும் இடையிலான தூரம் சம்பளத்தில் தெரியும். 2023 மே மாத அமெரிக்க அரசுக் கணக்கில் டென்டல் அசிஸ்டன்ட்டின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 46,540 டாலர். ஹைஜீனிஸ்டுக்கு 87,530 டாலர். அந்தத் தூரத்தைத் தாண்ட ஜி.ஐ. பில்தான் பாலம். 36 மாதப் பணத்துக்குள் ஒரு ஹைஜீன் படிப்பைச் சௌகரியமாக முடிக்கலாம். எக்ஸ் 2 வீண் என்று நான் சொல்லவில்லை. கை பழகும், கல்லூரி நேர்காணலில் பேச்சு இருக்கும், இந்த வேலை வாழ்நாள் முழுக்க ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும். அதை லைசென்ஸ் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது.

டென்டல் லேப் இதற்கு நேர்மாறு. ஆர்மியில் அதற்கு "என் 5" என்ற கூடுதல் தகுதி, ஏர் ஃபோர்ஸில் தனி எண்ணே உண்டு, 4 ஒய் 0 எக்ஸ் 2. செயற்கைப் பல், கிரவுன், பிரிட்ஜ், இரவில் பல் கடிப்பவருக்கான காப்பு எல்லாம் செய்கிறார்கள்; இப்போது பாதி வேலை கணினித் திரையில் வடிவமைத்து இயந்திரத்தில் கடைவது. நோயாளி முகத்தைப் பார்க்காமல் நாள் போகும். மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லின் மேடுபள்ளத்தைச் செதுக்கி மகிழ்கிற கை வேண்டும். வெளியே இந்த வேலைக்குப் பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் தேவையில்லை, கற்றது அப்படியே செல்லும். என்னைக் கேட்டால், பேச்சு குறைவாகவும் கைவேலை நுணுக்கமாகவும் உள்ள பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ராணுவத் தொழில் குறைவு. அதிகம் பேர் இதைக் கேட்பதே இல்லை.

வாய் அறுவை சிகிச்சைப் பிரிவில் உதவுவது மூன்றாவது வழி. ஞானப்பல், தாடை முறிவு, மயக்கமருந்து கொடுத்த நோயாளியின் மூச்சையும் நாடியையும் கண்காணிப்பது. இளம் படைவீரர்களின் வயதே ஞானப்பல் முளைக்கும் வயது என்பதால் நாற்காலி காலியாகவே இருக்காது. ரத்தம் பார்த்தால் தலை சுற்றாதவருக்கு நல்ல அனுபவம். வெளியே வாய் அறுவை மருத்துவர்கள் இப்படிப்பட்டவரைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

எந்த வழியில் போனாலும் சேவையில் இருக்கும்போதே சி.டி.ஏ. என்னும் டென்டல் அசிஸ்டன்ட் தகுதிச் சான்றை எடுத்துவிடு என்றேன். 1948-இல் தொடங்கிய டேன்பி என்னும் வாரியம் நடத்துகிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு, தொற்றுத் தடுப்பு, நாற்காலியருகு வேலை என்று மூன்று தாள்கள். மூன்று படைகளிலும் கூல் என்ற திட்டம் இருக்கிறது. தகுதியிருந்தால் தேர்வுக் கட்டணத்தை அதுவே கட்டும். முகாமுக்குள் இந்தச் சான்றை யாரும் வற்புறுத்துவதில்லை, அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார்கள். வெளியே வந்து மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விதிகளுக்கு முன்னால் நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

சீருடையே வேண்டாம் என்பவருக்கும் ஒரு கதவு இருக்கிறது. நான் நுழைந்தது அதன் வழியாகத்தான். கணவர் ஆர்மியில் இருந்தபோது, அவருடைய முகாமில் ரெட் கிராஸ் நடத்திய டென்டல் அசிஸ்டன்ட் பயிற்சியில் தொண்டராகச் சேர்ந்தேன். பல மாதம் சம்பளமில்லாத உழைப்பு, ஆனால் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. எல்லா முகாமிலும் நடக்காது. நடக்கும் இடத்தில் படைவீரர்களின் மனைவி, கணவருக்கு அருமையான வாய்ப்பு. தமிழ்நாட்டில் பி.டி.எஸ். முடித்துவிட்டு இங்கே வந்து, லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் மனம் வெதும்பும் பெண்கள் என்னிடம் ராணுவம் பற்றிக் கேட்பதுண்டு. கிரீன் கார்டு இல்லாமல் அசிஸ்டன்ட்டாகக்கூடச் சேர முடியாது. ராணுவப் பல் மருத்துவராக அதிகாரி ஆக வேண்டுமென்றால் குடியுரிமையும் அமெரிக்க லைசென்ஸும் வேண்டும். அவர்களுக்கு இந்த வழியில் சுருக்குப் பாதை இல்லை.

அக்கா மகளுக்கு என் தீர்ப்பு இது. ஹைஜீனிஸ்ட் ஆவது உறுதி, நான்கு ஆண்டுகள் பொறுக்கலாம் என்றால், வேலை உறுதி செய்த ஒப்பந்தத்தோடு ஏர் ஃபோர்ஸ் முதலிடம். சமூகக் கல்லூரிப் படிப்புதான் காரணம். அந்த இடம் ஆறு மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் ஆர்மி 68 ஈ. நேவி வேண்டாம், அவளுக்கு. ஆர்மி ரிசர்வும் யோசிக்கத் தக்கதே: பயிற்சி முடித்து வீடு திரும்பி, மாதம் ஒரு வார இறுதியும் ஆண்டுக்கு இரண்டு வாரமும் சேவை, உடனே கல்லூரி தொடங்கலாம். ஆனால் படிப்புப் பணம் மிகக் குறைவு, கடன் வேண்டாம் என்பவளுக்கு அது பொருந்தாது. எதில் சேர்ந்தாலும், முழுநேரமும் ரிசர்வும் சேர்த்து மொத்தக் கடமை 8 ஆண்டு என்பதை அக்காவிடமும் சொன்னேன். அக்கா அரை நிமிடம் பேசவில்லை.

ஆஸ்வாப் எழுதிவிட்டாள். அடுத்த வாரம் மெப்ஸ் மையத்துக்குப் போகிறாள். உடல் பரிசோதனையும் ஒப்பந்தமும் அங்கேதான். தாளை முன்னால் வைத்ததும், கையெழுத்திடும் முன் வேலை எண் இருக்கும் வரியைத் தேடிப் படி என்று சொல்லியிருக்கிறேன். 4 ஒய் 0 எக்ஸ் 1 என்றோ 68 ஈ என்றோ எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால், "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடு, வாசலில் காரோடு சித்தி நிற்பேன் என்றேன்.